இது போட்டி அல்ல

அந்தமானில், மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் கயிறு பிடிக்கும் நாகமுத்துவின் உடம்பைப் பற்றி நாற்பத்து மூன்று வருடங்களாக யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. விசாரிக்காமலே அந்த உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கப்பல் வந்தால் கயிற்றை வாங்கிக் கம்பத்தில் மாட்டும், போனால் கழற்றிவிடும், மழை வந்தால் நனையும், மீன் கிடைத்தால் தின்னும். அப்படிச் சிவனே என்று கிடந்த உடம்பை முன்னேற்றுவதற்கு ஒரு மன்றம் வந்து சேர்ந்ததுதான் இந்தக் கதையில் சிந்துகிற எல்லா ரத்தத்துக்கும் காரணம்.

மன்றத்தின் முழுப் பெயர் தீவு மக்கள் உடல்நல ஊக்குவிப்பு மன்றம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது அதனிடம் ஒரு செயலாளர், ஒரு ரப்பர் முத்திரை, நாற்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம், இரண்டு கட்டுப் பிரம்பு ஆகியவை இருந்தன. அந்தமான் காட்டில் பிரம்பு காலைத் தடுக்கும் அளவுக்கு மண்டிக் கிடக்கிறது. இருந்தாலும் அதை மெயின்லேண்டில் டெண்டர் விட்டு வாங்கி, கடலில் நாலு நாள் மிதக்க வைத்து இங்கே இறக்கினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக்கூட மன்னிக்கலாம். இவர்கள் அந்த ஊசியாலேயே கொல்லனைக் குத்தவும் செய்தார்கள்.

விதிப் புத்தகத்தின்படி ஊக்குவிப்பு மூன்று வகை. வாயால் ஊக்குவித்தல், கையால் தட்டி ஊக்குவித்தல், பிரம்பால் ஊக்குவித்தல். முதல் இரண்டுக்கும் ஆள் நியமனம் இன்னும் ஒப்புதலாகவில்லை. மூன்றாவதற்கு மட்டும் ஆள் வந்திருந்தார். ரவிச்சந்திரன் என்று பெயர். ஆறடி உயரம், யாருக்கும் தீங்கு நினைக்காத முகம். "அடிக்கல பாய், ஊக்குவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்.

வந்த ஆறாம் மாதம் மன்றத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஊரில் ஒரு துரும்பும் நகராது என்று ஆகிவிட்டது. கடை லைசென்ஸைப் புதுப்பிக்க அது வேண்டும். வாத்தியார் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்க அது வேண்டும். அதைப் பெறுவதற்கோ மன்றம் நடத்தும் உள்ளரங்க டிரையத்லானில் கலந்துகொள்ள வேண்டும். டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வது. உள்ளரங்கம் என்றால் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே செய்வது. 'சும்மா சந்தோஷத்துக்காக, விருப்பமுள்ளவர்கள் மட்டும்' என்று நோட்டீஸ் அச்சடித்திருந்தார்கள். விருப்பமில்லாதவர்களின் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நாகமுத்து பதினாறு வருடமாக டெய்லி மஸ்தூர், அதாவது தினக்கூலி. ஜெட்டியில் லஸ்கர் என்கிற நிரந்தரக் கயிற்றாள் வேலைக்கு இப்போதுதான் ஓர் இடம் காலியாகியிருந்தது. அவனுக்கு வயது வரம்பு தாண்ட இன்னும் இரண்டே மாதம். பட்டியலில் இரண்டு பெயர் இருந்தன, நாகமுத்து, தேவேந்திரன். பதினாறு வருடமாக ஒரே கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றவர்கள். சான்றிதழோடு எவன் முதலில் வருகிறானோ அவனுக்கு வேலை என்று ஜெட்டி அலுவலகத்தில் கைகழுவிவிட்டார்கள்.

நாகமுத்து பெயர் கொடுக்கப் போனபோது மன்றத்தின் செயலாளர் ராஜசேகர் டிராக் சூட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் இருந்த ஷூவில் விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"நீச்சலை எங்க சாப் வைக்கிறீங்க? ஜெட்டிப் பக்கத்துலயே கடல் கெடக்கு. நான் தினம் அதுலதான் எறங்குறேன்" என்றான் நாகமுத்து.

"கடலுக்குக் கூரை இருக்கா?"

"இல்ல சாப்."

"அப்புறம் எப்படி அது இன்டோர் ஆகும்? போதாக்குறைக்கு அதுல முதலை வேற. போர்டு வச்சிருக்கான் பார்த்தேன். பாதுகாப்புதான் மன்றத்தோட முதல் கொள்கை" என்று சொல்லிவிட்டு ராஜசேகர் தலையைத் திருப்பினார்.

ரவிச்சந்திரன் எழுந்து வந்து நாகமுத்துவின் முதுகில் பிரம்பால் ஒன்று வைத்தார். பனியன் கிழிந்து, தோலும் கொஞ்சம் கிழிந்தது.

"இது எதுக்கு சாப்?"

"இது பதிவுக்கு. வலிச்சுதா?"

"வலிச்சுது."

"உணர்ச்சி நல்லா இருக்கு, எழுதிக்கோ" என்றார் ராஜசேகர். ரவிச்சந்திரன் எழுதிக்கொண்டார்.

நாகமுத்துவுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. முதுகைத் தடவிக்கொண்டே கேட்டான். "ஆளு ரெண்டு, எடம் ஒண்ணு. அப்ப இது எனக்கும் தேவனுக்கும் போட்டிதான சாப்?"

ராஜசேகரின் முகம் வாடிவிட்டது. "அந்த வார்த்தையை இங்க பேசவே கூடாது. இது போட்டி அல்ல. யாரும் யாரையும் முந்த வேண்டாம். முதல் இடம், ரெண்டாம் இடம் எதுவும் இங்க கிடையாது. ஒரே ஒரு போஸ்ட்தான் இருக்குங்கிறது நிர்வாகத்தோட கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நீங்க ஏன் தலைமேல தூக்கிப் போட்டுக்கிறீங்க?"

அன்று சாயங்காலம் கார்த்திகா புருஷனின் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டாள். "பேரு குடுக்குறதுக்கே இப்படின்னா ஓடும்போது என்ன பண்ணுவானுங்க?" என்றாள்.

"வேணாம்னு சொல்லு, விட்டுர்றேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். "பதினாறு வருசமா, நாளைக்கு வேலை இருக்குமான்னு கேட்டுக்கிட்டேதான் படுக்குறீங்க. அந்தக் கேள்வி காதுல விழாம ஒரு நாளாச்சும் நான் தூங்கணும். அடி வாங்குனாலும் பரவால்ல, காயிதத்தை வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். அதற்குமேல் நாகமுத்துவுக்குப் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் ஜெட்டியில் தேவேந்திரன்தான் ஒரு யோசனை சொன்னான். அவன் முதுகிலும் பதிவு இருந்தது. "நாகு, நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா முடிச்சுருவோம். ஒரே நிமிசத்துல ரெண்டு காயிதம் எழுதட்டும். வேலை எவனுக்குன்னு ஆபீஸ்ல இருக்குற சாப் லோக் அடிச்சுக்கட்டும். நாம எதுக்குடா அடிச்சுக்கணும்?"

"டீக் ஹை" என்றான் நாகமுத்து. கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். அவனுக்கு நிஜமாகவே மனது லேசாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். உள்ளே வந்ததும் ராஜசேகர் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளரங்க நிகழ்ச்சி நடக்கும்போது கதவு திறந்திருக்கக் கூடாது என்பது நான்காம் விதி. அது ஏதோ பனி கொட்டுகிற தேசத்து விதி. இங்கே ஜனவரி மாதத்திலும் வேர்க்கும். ஜன்னல் கம்பி வழியே ஒரு பக்கம் கடல் தெரிந்தது, மறு பக்கம் ஆஸ்பத்திரி தெரிந்தது. பதினெட்டுப் பேரும் மாறி மாறி இரண்டையும் பார்த்துக்கொண்டார்கள்.

கூடத்தின் நடுவே தார்ப்பாயில் ஒரு தொட்டி கட்டி இடுப்பளவு தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மீன்குஞ்சு வளர்க்கிற தொட்டி. ஒரு தடவைக்கு நாலு பேர். ஆளுக்கு ஒரு கயிறு இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். நீந்தலாம், ஆனால் எங்கேயும் போய்ச் சேரக் கூடாது. இருபது நிமிடம் இருந்த இடத்திலேயே நீந்த வேண்டும். நாகமுத்துவோடு தேவேந்திரனும், பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் பாயும், பள்ளிக்கூடத்துச் சிவஞானம் வாத்தியாரும் இறங்கினார்கள். பாய்க்கு லைசென்ஸ் வேண்டும், வாத்தியாருக்கு மாற்றல் வேண்டும்.

தொட்டி இரண்டு பேருக்கான அகலம்தான். கையை வீசினால் பக்கத்து ஆளின் முகத்தில் விழுந்தது. காலை உதைத்தால் பின்னால் இருப்பவனின் வயிற்றில் விழுந்தது. முதல் நிமிடத்தில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டாம் நிமிடத்தில் ஜெய்னுதீனின் முழங்கை பட்டு வாத்தியாரின் முன்பல் ஒன்று தண்ணீருக்குள் போயிற்று. மூன்றாம் நிமிடத்தில் வாத்தியார் அந்த முழங்கையைப் பிடித்துக் கடித்தார்.

"வாத்தியாரே, அது தெரியாமப் பட்டது" என்றார் ஜெய்னுதீன்.

"இதுவும் அப்படித்தான்" என்றார் வாத்தியார், வாயை எடுக்காமலே.

நின்று மூச்சு வாங்கியவர்களை ரவிச்சந்திரன் கரையிலிருந்து ஊக்குவித்தார். நனைந்த தோலில் பிரம்பு விழுந்தால் தனிச் சத்தம். இதெல்லாம் நடக்கும்போது ராஜசேகர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் இந்தியில் பேசினார், அதையே இங்கிலீஷில் பேசினார், பிறகு தமிழுக்கு வந்தார்.

"நண்பர்களே, நான் இதுவரை ஒரு கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. ஓடுகிறவனுக்கு ஓட்டத்தைப் பற்றிச் சிந்திக்க நேரம் இருக்காது. அதனால்தான் என்னைச் செயலாளராக நியமித்தார்கள். உங்கள் உடம்பை நீங்கள் உங்களுடையது என்று எண்ணி இத்தனை காலம் வீணடித்துவிட்டீர்கள். இனி அது மன்றத்தின் பொறுப்பு. எங்கள் நிகழ்ச்சிகளில் வன்முறை நடப்பதாகச் சிலர் புகார் எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் இப்போது இந்தக் கூடத்துக்குள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் வாய் திறந்து புகார் சொல்கிறாரா பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். வாய் திறந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தேவேந்திரனும் நாகமுத்துவும் மட்டும் ஓரமாக ஒதுங்கி, ஒருத்தன் கை வீசும்போது மற்றவன் கையை மடக்கி, முறை வைத்து நீந்தினார்கள். ஜெட்டியில் அவர்களுக்குப் பழகிப்போன முறை அது. ஒரே நேரத்தில் கரையேறினார்கள். ராஜசேகர் அதைக் கவனித்து முகத்தைச் சுளித்தார். சந்தோஷம் போதவில்லை என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது சைக்கிள். நகராத சைக்கிள்கள் ஐந்து வந்திருந்தன. அவற்றின் சீட்டுகள் வேறு பெட்டியில், வேறு கப்பலில் ஏறி, கார் நிக்கோபார் தீவுக்குப் போய்விட்டன. சீட் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"சீட் இல்லியே சாப்" என்று ஒருவர் கேட்டார்.

"சீட் என்பது வசதி. வசதிக்கும் ஆரோக்கியத்துக்கும் ஜென்மப் பகை" என்றார் ராஜசேகர்.

பதினெட்டுப் பேருக்கு ஐந்து சைக்கிள். விசில் ஊதிய கணத்தில் பதினெட்டுப் பேரும் அவற்றின் மேல் விழுந்தார்கள். ஒரு கைப்பிடிக்கு மூன்று பேர் கை வைத்தார்கள். யாரோ யாருடைய காதையோ பிடித்து இழுக்க, காது வைத்திருந்தவர் யாருடைய விலாவிலோ முட்டினார். பல் இருந்தவர்கள் பல்லை உபயோகித்தார்கள். ஊக்குவிப்பதற்கு இவ்வளவு சௌகரியமான கூட்டத்தை ரவிச்சந்திரன் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பிரம்பு முறிந்தது. மன்றத்தின் அறிக்கையில் இந்தப் பதினைந்து நிமிடத்தை 'உடலைச் சூடேற்றும் பயிற்சி' என்று பின்னால் எழுதினார்கள்.

சிவஞானம் வாத்தியார் எப்படியோ ஒரு சைக்கிளைப் பிடித்துவிட்டார். நின்றுகொண்டே மிதித்தார். பத்தாவது நிமிடம் களைப்பில் சீட் இல்லாததை மறந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் எங்கேயும் உட்காரவில்லை. ஜெய்னுதீனின் சைக்கிளில் பெடல் கழன்று கையோடு வந்துவிட்டது. அதை அவர் கீழே வைக்கவில்லை. நாகமுத்துவும் தேவேந்திரனும் ஒரு சைக்கிளைக் கைப்பற்றி, ஆளுக்கு ஒரு நிமிடமாக மாறி மாறி மிதித்து முடித்தார்கள். முதுகிலும் தொடையிலும் கோடு கோடாக ரத்தம் இருந்தாலும் சத்தியம் மட்டும் காயமில்லாமல் இருந்தது.

"இன்னும் ஒண்ணுதான்டா" என்றான் தேவேந்திரன்.

ஓட்டத்துக்கு மின்சாரத்தில் ஓடும் ஓட்டப் பலகைகள் இரண்டு வைத்திருந்தார்கள். விசில் ஊதியதும் கரண்ட் போய்விட்டது. மாயாபந்தரில் கரண்ட் போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ராஜசேகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட வேண்டும், எங்கேயும் போய்ச் சேரக் கூடாது, அதுதான் விதி. மன்றத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக ரவிச்சந்திரன் யோசனை சொன்னார்.

கூடத்தின் நடுவில் நாலு கான்கிரீட் தூண்கள் இருந்தன. ஒரு நீளக் கயிற்றைத் தூணுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் இரண்டு பேர் இடுப்பில் கட்டினார்கள். இரண்டு பேரும் தூணுக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் பக்கத்தில் நின்று முன்னால் ஓட வேண்டும். ஒருவன் முன்னேறினால் கயிறு தூணைச் சுற்றி வழுக்கி மற்றவனைப் பின்னால் இழுக்கும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டி, இருந்த இடத்திலேயே ஓடி வைக்கிற அடிகள் மட்டும்தான் கணக்கு. ஆளுக்கு ஐநூறு அடி. ஒருவன் கோட்டுக்கு முன்னால் இருந்தால் மற்றவன் முதுகு தூணில் இருக்கும். கயிற்றின் நீளம் அவ்வளவுதான். உட்கார முடியாத வாத்தியாரை நின்று எண்ணச் சொன்னார்கள்.

நாகமுத்துவும் தேவேந்திரனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டார்கள்.

"சாப், இதுல ஒருத்தன் ஓடுனா மத்தவன் மோதணும்" என்றான் நாகமுத்து.

"மோதல் இல்லை, ஒத்துழைப்பு. திரும்பவும் சொல்கிறேன், இது போட்டி அல்ல. முதலில் ஐநூறு முடிக்கிறவருக்கு முதலில் முத்திரை குத்துவோம், அவ்வளவுதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ பத்து, நான் பத்து என்று தேவேந்திரன் வாய்க்குள் சொன்னான். நாகமுத்து பத்து அடி வைத்தான், பின்வாங்கினான். தேவேந்திரன் பத்து அடி வைத்தான், பின்வாங்கினான். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி போல ஒருவன் போக ஒருவன் வந்தான். நூறு வரைக்கும் அழகாகப் போயிற்று.

ராஜசேகருக்குப் பொறுக்கவில்லை. "இது கூட்டுச் சதி. பின்வாங்குகிறவருக்கு ஊக்கம் குறைவாக இருக்கிறது" என்றார்.

அதற்கப்புறம் எவன் பின்வாங்கினானோ அவன்மேல் பிரம்பு விழுந்தது. விட்டுக்கொடுத்தால் அடி. விட்டுக்கொடுக்காவிட்டால் அடி இல்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மூளை வேண்டியதில்லை, முதுகே போதும். பத்தைப் பதினொன்றாக்கியது யார் என்று நாகமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றுதான் சொல்கிறான்.

பதினொன்று பதினைந்தாயிற்று, பதினைந்து நாற்பதாயிற்று. தேவேந்திரன் ஒரே மூச்சாகப் பாய்ந்தபோது நாகமுத்து பின்னால் தூக்கி எறியப்பட்டு மண்டை தூணில் மோதினான். பின்னந்தலையில் சூடாக ஏதோ வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அதே வேகத்தில் அவன் திரும்பிப் பாய்ந்தான். தேவேந்திரனின் முதுகெலும்பு தூணில் பட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவன் எழுந்து பாய்ந்தான். இவன் மோதினான். இவன் பாய்ந்தான். அவன் மோதினான். கூடத்தில் இருந்த மற்றவர்கள் தங்கள் காயங்களைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தார்கள். தூணின் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சிவப்பாகிவிட்டது.

"அற்புதம். இயற்கையான திறமை. இத்தனை வருடம் இது எங்கே ஒளிந்திருந்தது?" என்றார் ராஜசேகர்.

"நானூத்தி எண்பது" என்று வாத்தியார் நாகமுத்துவுக்கு எண்ணினார். தேவேந்திரனுக்கு நானூற்று எழுபது ஆகியிருந்தது. நாகமுத்து எட்டு அடி போனான். தேவேந்திரன் இடுப்புக் கயிறு வயிற்றை அறுப்பது தாங்காமல் கையைப் பின்னால் கொடுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தான். அப்படியே இழுபட்டுப் போனதில் அவனுடைய வலது கை தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஆரியா" என்றான் தேவேந்திரன்.

கப்பல் தொழிலில் ஆரியா என்றால் கயிற்றைத் தளர்த்து என்று பொருள். ஜெட்டியில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஏன், எதற்கு, யார் சொன்னது என்று பார்க்கக் கூடாது. அந்த இடத்திலேயே விட வேண்டும். விடாவிட்டால் மறுபக்கம் ஒருவனுக்குக் கை இருக்காது. பகையாளி சொன்னாலும் விட வேண்டும், குடிகாரன் சொன்னாலும் விட வேண்டும். பதினாறு வருடத்தில் நாகமுத்து ஒரு தடவைகூட விடாமல் இருந்ததில்லை.

"ஆரியா, நாகு."

நாகமுத்துவுக்கு நன்றாகக் கேட்டது. மண்டை உடைந்ததில் காது அடைத்துவிட்டது என்று பின்னால் யாரிடமும் அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பெருமை ஒன்றாவது அவனுக்கு உண்டு. கேட்டதும் அவன் கால் தானாக நின்றது. பிறகு இன்னும் பன்னிரண்டுதான் என்று நினைத்தான். கார்த்திகாவை நினைத்தான் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அவன் பன்னிரண்டைத்தான் நினைத்தான்.

ஓடினான். பின்னால் கரும்பு முறிகிற மாதிரி இரண்டு சத்தம் கேட்டது. தேவேந்திரன் மூன்றாவது தடவையும் சொன்னான். அது வார்த்தையாக வரவில்லை. "ஐநூறு" என்றார் வாத்தியார், அழுதுகொண்டே.

கயிற்றை அவிழ்த்தபோது தேவேந்திரனின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கையோடு தோலில் மட்டும் தொங்கின. ஜெய்னுதீன் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். "சாவியக் குடுங்க சாப், எதிர்லதான் ஆஸ்பத்திரி. ரெண்டு நிமிசம்" என்றார்.

ராஜசேகர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "எனக்கு மட்டும் மனசு இல்லையா? நன்றியுரை முடிகிறவரை நிகழ்ச்சி நடந்துகொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். அதுவரை கதவு திறக்கக் கூடாது. அதனால் நன்றியுரையை உடனே ஆரம்பித்துவிடுகிறேன்."

ஆரம்பித்தார். மூன்று மொழியிலும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பந்தல் போட்டவருக்கு நன்றி என்றபோது, பந்தலே போடவில்லையே என்றது ஒரு குரல். போட முன்வந்த மனதுக்கு நன்றி என்றார் ராஜசேகர். தேவேந்திரன் தரையில் கிடந்தான். சட்டை நனைந்து சொட்டியது.

நாகமுத்து கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். "சான்றிதழ் எழுதியாகிவிட்டது. முத்திரை மட்டும்தான் பாக்கி. விழாவைக் கெடுக்கிறவருக்கு முத்திரை விழாது" என்றார் ராஜசேகர், நன்றியுரையின் நடுவிலேயே, யாரையும் பார்க்காமல். நாகமுத்து நின்றுவிட்டான். அவன் உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்த நிற்பு அவனை விடாது.

இந்தி முடிந்து இங்கிலீஷில் பாதி போனபோது, ஜெய்னுதீன் கையில் வைத்திருந்த பெடலால் பூட்டை அடித்தார். ஏழாவது அடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. தேவேந்திரனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். அவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை, கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் விரலை ஒட்டவைக்கப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

நாகமுத்து முத்திரை விழுகிறவரை இருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கார்த்திகா அதைப் படித்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள், அவன் மறைக்காமல் சொன்னான். அவள் காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றித் தேவேந்திரன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்து தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி அந்த வீட்டில் அன்றிலிருந்து எழவில்லை. வேறு பேச்சும் அதிகம் எழவில்லை.

மன்றத்தின் அறிக்கை போர்ட் பிளேருக்குப் போயிற்று. கலந்துகொண்டவர்கள் பதினெட்டு. காயமடைந்தவர்கள் இல்லை, ஏனென்றால் காயமடைந்தவர்கள் நிகழ்ச்சி முடியும் முன்பே வெளியேறிவிட்டதால் விதிப்படி கலந்துகொண்டவர்கள் ஆகமாட்டார்கள். தொழிலாளர்களிடையே நட்பு பலப்பட்டது. அடுத்த நிகழ்ச்சி ரங்கத் ஊரில்.

பதினைந்தாம் நாள் நாகமுத்து நிரந்தர லஸ்கராகக் காக்கி உடுப்புப் போட்டு ஜெட்டிக்குப் போனான். போர்ட் பிளேர் கப்பல் வந்துகொண்டிருந்தது. மேலிருந்து எறிந்த கயிற்றை அவன் பிடித்தான். கயிற்றுக்கு மறுபக்கம் ஒரு ஆள் வேண்டும். ஜெட்டியில் ஆறு மஸ்தூர்கள் நின்றார்கள். ஒருத்தன் பீடி பற்றவைத்தான். ஒருத்தன் கடலைப் பார்த்தான். ஒருத்தன் செருப்பைக் கழற்றி மாட்டினான்.

"க்யா ஹுவா? ஒரு ஆளு வாங்கடா" என்று கத்தினார் மேற்பார்வை பார்க்கும் முத்துராஜ். ஒருவரும் அசையவில்லை. கப்பல் நெருங்கிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து தேவேந்திரன் எழுந்து வந்தான். வலது கையில் கட்டு. அன்றைய கூலிக்கு ஏதாவது லேசான வேலை கிடைக்குமா என்று காத்திருந்தவன் அவன். இடது கையால் கயிற்றைப் பிடித்து அக்குளில் கொடுத்து நின்றான்.

"தேவா, நீ வேணாம்டா" என்றான் நாகமுத்து.

"வேற எவன் வருவான்? அவனுங்க யாரும் உங்கூடக் கயிறு பிடிக்க மாட்டானுங்க. பத்து விரலும் வச்சிருக்கானுங்க, பயப்படுறானுங்க. எங்கிட்ட நீ எடுக்க வேண்டியத எடுத்துட்ட. இழு, கப்பல் வந்துருச்சு" என்றான் தேவேந்திரன்.